முதல் குத்து

சிறைமீட்டானின் கருமாதி முடிந்து, பந்தலைப் பிரித்து, கால் பிடுங்கிய குழிகள்கூட மூடப்படாமல் கிடந்த ஒரு சாயங்காலம், கோம்பைக் கரட்டு மலையிலிருந்து கிழட்டுக் காட்டுப்பன்றி ஒன்று இறங்கி வந்து, வழியில் விளைந்து கிடந்த கடலைக்காட்டில் வாய் வைக்காமல், குரைத்த நாய்களைத் திரும்பிப் பார்க்காமல், மேய்ச்சல் முடிந்து வந்த ஆடுகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, குத்துக்கல்பட்டியின் மேற்கு எல்லையில் இருக்கும் கல்வரிசையின் கடைசியில் போய் நின்றது. தண்ணிக்கு வந்திருக்கும் என்றார்கள். இருட்டினால் போய்விடும் என்றார்கள். விடிந்தும் நின்றது. பங்குனி போய்ச் சித்திரை வந்தும், கத்திரி வெயில் தீர்ந்து முதல் மழை இறங்கியும், வைத்த கால் வைத்தபடி, தின்னாமல், குடிக்காமல், சாகாமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றது.

அந்தக் கற்களைச் சொல்லாமல் அந்தப் பன்றியைச் சொல்ல முடியாது. வேட்டையில் பன்றி குத்திச் செத்தவர்களுக்கு ஊர் நட்ட கற்கள் அவை. ஒவ்வொரு கல்லிலும் ஓர் ஆளும் ஒரு பன்றியும். ஆளின் ஈட்டி பன்றியின் கழுத்தில், பன்றியின் கோரைப்பல் ஆளின் தொடையில். செதுக்கியவன் இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்திருந்ததால் யார் ஜெயித்தது என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் பாரிவேட்டைக்குப் புறப்படுகிறவர்கள் அந்தக் கற்களுக்கு எண்ணெய் தடவி, தேங்காய் உடைத்து, இந்த வரிசை உங்களோடு போதும் சாமி என்று கும்பிட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். வரிசை போதாமல் போன வருஷங்களும் உண்டு. பன்றி ஓடுகிற மிருகம் இல்லை. புலிகூட அடிபட்டால் ஒதுங்கும். பன்றி அடித்தவனைத் தேடி வரும். தொடையில் ஒரு வெட்டு, அவ்வளவுதான், ஆள் தன் ரத்தத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

வேட்டை முடிந்து வந்ததும், கறியைப் பங்கு போடுகிற பங்குப் பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்த பன்றியின் மேல் கத்தி வைப்பதற்கு முன்னால் நாட்டாமை மூன்று தடவை கேட்க வேண்டும்: முதல் குத்து யாருது? குத்தியவன் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. பார்த்தவன் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அறுப்பு. சொல்லாத பன்றியை அழுகினாலும் தொட மாட்டார்கள். முதல் குத்துக்காரனுக்குத் தலை. அவன் அந்த வேட்டையிலேயே செத்திருந்தால் தலையை அவன் கல்லுக்கு அடியில் புதைப்பார்கள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சோறு பிசைவதைப் போல எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிறைமீட்டானுக்கு மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. ஏனென்றால் அவன் வேட்டையில் சாகவில்லை, தென்னைமரத்திலிருந்து விழுந்து செத்தான். போலீசிடம் அப்படித்தான் சொன்னார்கள், ஆசுபத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள், பிறகு தங்களுக்குள்ளும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். வேட்டையென்றால் இப்போது கேஸ். அதைவிடப் பெரிய கேடு, பேர். ஒரு காலத்தில் பன்றி குத்தியவன் வீட்டில் பெண் எடுக்க வண்டி கட்டி வந்தார்கள். இப்போது டவுனில் சம்பந்தம் பேசப் போனால், நீங்க அந்த வேட்டைக்காரப் பயலுக ஊரா என்று காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். நாட்டாமை தவசி அந்தத் தை மாதம்தான் தன் மகளை டவுனில் ஒரு பேங்க் உத்தியோகஸ்தன் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பே ஈட்டிகளையெல்லாம் கூரையிலிருந்து இறக்கி வைக்கோற்போருக்கு அடியில் தள்ளச் சொல்லியிருந்தார். தள்ளியவர்கள்தான் மாசியில் அவற்றை உருவிக்கொண்டு போனார்கள். அவரும்தான் போனார்.

சிறைமீட்டானுக்குத் தென்னைமரம் ஏறத் தெரியாது. பனைமரம், புளியமரம், எதுவும் தெரியாது. கூரை மேயும்போது ஏணியின் மூன்றாம் படியிலேயே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் என்று ஊரே கேலி பேசியிருக்கிறது. அவன் மனைவி இருளாயி இதைச் சொன்னபோது, அதனாலதான தாயி விழுந்தான், ஏறத் தெரிஞ்சவன் எதுக்கு விழப் போறான் என்று தவசி பதமாகச் சொன்னார். பொய்யை உறுதிப்படுத்த, ஆளைக் கொன்ற மரம் நிற்கக் கூடாது என்று சொல்லி, அவள் கொல்லையில் நல்ல காய்ப்பில் இருந்த ஒற்றைத் தென்னையையும் வெட்டிச் சாய்த்தார்கள். தூக்க ஆள் வராமல் அது அங்கேயே கிடந்தது. குலையோடு விழுந்த இளநீரைக் குடிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பன்றி வந்து நின்றது இந்த ஊரில்தான்.

முதலில் பயந்தார்கள். மேற்கு வழியாகப் போகிற பெண்கள் சுற்றிப் போனார்கள். பிறகு சுற்றுவழி நீளம் என்று பக்கத்தில் போனார்கள், பிறகு பக்கத்தில் நின்று பேசினார்கள், பிறகு ரேஷன் கடையிலிருந்து வருகிறவர்கள் மண்ணெண்ணெய்க் கேனை அதன் காலடியில் இறக்கி வைத்துவிட்டுக் கை உதறிக்கொண்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் தூக்குச்சட்டியை அதன் கோரைப்பல்லில் மாட்டினார்கள். கரிச்சான் குருவி முதுகில் உட்கார்ந்து வால் ஆட்டியது. மழையில் நனைந்து நின்றால் ஐயோ பாவம் என்று யாரோ உரச்சாக்கைப் போர்த்தினார்கள். வனத்துறையிலிருந்து ஆட்கள் வலையும் கூண்டும் கொண்டுவந்து, கயிறு கட்டி இழுத்து, கயிறு அறுந்து, கூண்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். கூட வந்த மாட்டு டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் என்னுடையதைவிட நன்றாக அடிக்கிறது என்றார். வயதான ஆண் பன்றி, ஓய்வில் உள்ளது என்று எழுதிக்கொண்டார்கள். ஊருக்கும் அது சரியென்று பட்டது. யார்தான் ஓய்வெடுக்கவில்லை.

ஆடி மாதம் டவுனிலிருந்து வந்த யாரோ ஒருவன், ஒரு கிழவி அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அதன் காதுக்குள் பேரனின் வேலைக்காக வேண்டிக்கொள்வதை செல்லில் எடுத்துப் போட்டான். அதிலிருந்து சனம் வர ஆரம்பித்தது. காரில் வந்தார்கள், பள்ளிக்கூட வேனில் வந்தார்கள், காட்டு உயிர்களுக்காகப் பேசுகிற சங்கத்துக்காரர்கள் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பன்றியோடு பன்றியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ஊர் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. வேட்டைக்காரன் ஊர் என்று காறித் துப்பிய வாய்களே அன்பான ஊர் என்று சொல்லும்போது இல்லையென்று மறுக்க யாருக்கு மனசு வரும்? ஆகவே சொன்னார்கள். தவசிதான் முதலில் சொன்னார். இந்தக் கல்லுகளெல்லாம் என்னங்கய்யா என்று சட்டைக்காரர் ஒருவர் கேட்க, தவசி தன் சொந்தப் பாட்டனுக்கு நட்ட மூன்றாவது கல்லைக் காட்டி, பன்னியோட கழுத்துல முள்ளு தச்சிருக்கு, அத இவரு எடுத்து விடுறாரு, பன்னி நன்றியோட இவரு தொடையில தலைய சாச்சிருக்கு என்றார். சொல்லி முடித்ததும் இருமினார். மறுநாளிலிருந்து இருமாமல் சொன்னார். ஐப்பசி வாக்கில், ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் முன்னோர்கள் முள் எடுத்தவர்கள்தான் என்று நிச்சயமாகிவிட்டது.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. பன்றியின் கழுத்தில், மயிர் அடர்ந்த இடத்தில், கறுப்பாக ஒரு இரும்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அதன் மேல் சந்தனத்தைக் கனமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். வெயிலில் சந்தனம் வெடிக்கும், இரும்பு தெரியும், மறுபடி அப்புவார்கள். உள்ளூரில் யாரும் அந்த இடத்தை நேராகப் பார்ப்பதில்லை.

இருளாயி பார்த்தாள். முதல் நாளே பார்த்தாள். அந்த இரும்பின் ஓரத்தில், அரிவாளைத் தடுத்தபோது விழுந்த ஒரு பல், சின்ன வெட்டுப்பள்ளம், இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து புருஷனின் அந்த ஈட்டிக்கு விளக்கெண்ணெய் போட்டவள் அவள். வேட்டைக்குப் போகாதீங்க என்று ஒவ்வொரு மாசியும் சண்டை போடுவாள், சண்டை போட்ட கையோடு எண்ணெய் போட்டுக் கொடுப்பாள், அவன் திரும்பி வரும்வரை வீடு கூட்ட மாட்டாள், தலை சீவ மாட்டாள். கடைசி மாசியிலும் கூட்டவில்லை, சீவவில்லை. அது அவனைக் காப்பாற்றவில்லை.

தினமும் காட்டு வேலை முடித்து வருகிற வழியில் அவள் பன்றிக்கு எதிரே உட்காருவாள். உன்னைக் கொன்னு போடணும்னுதான் முதல்ல வந்தேன் என்று ஒருநாள் அதனிடம் சொன்னாள். வைக்கோற்போருக்கு அடியிலிருந்து யாருடையதோ ஒரு ஈட்டியை உருவி வந்ததும் உண்மைதான். வந்து நின்றபோது அதன் வலப்பக்கத்தில், கல் ஒன்று நடுகிற அளவுக்கு இடம் விட்டு அது நிற்பதைக் கண்டாள். ஈட்டியைக் கீழே போட்டாள். பழிவாங்க வந்த மிருகம் இப்படி இடம் விட்டு நிற்காது. கல்லுக்கு அடியில் புதைக்க வேண்டிய தலையை, புதைக்க ஆள் வராததால், அதுவே சுமந்துகொண்டு வந்து நிற்கிறது. முதல் குத்து யாருது என்று யாராவது கேட்கும்வரை அதனால் சாகவும் முடியாது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு பொழுதுதான் ஆயிற்று. ஊருக்கும் அப்போதே புரிந்திருக்கும் என்றுதான் அவள் கடைசிவரை நினைத்தாள்.

தவசியிடம் போய்க் கல் கேட்டாள். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். தென்னமரத்துல விழுந்தவனுக்கு எங்கயாவது கல்லு நட்டிருக்கா தாயி என்றார். கையைத் தவிட்டிலிருந்து எடுக்கவில்லை. அந்த வருஷம் அவர் மகள் உண்டாகியிருந்தாள். சம்பந்தி வீட்டார் காரில் வந்து பன்றியைக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"அவரு செஞ்சது சரின்னு நான் சொல்லல சின்னையா," என்றாள் இருளாயி. "போகாதீங்கன்னு சொன்னவ நான். எப்படிச் செத்தாருன்னு சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்."

"சொல்லி?"

"சொல்லிட்டா அவரு செத்துருவாரு. இப்ப எங்கயோ தொங்கிக்கிட்டு இருக்காரு."

தவசி வெகுநேரம் தவிட்டைக் கலக்கினார். தை பிறக்கட்டும், பார்ப்போம் என்றார். தை பிறந்தபோது வேறு சேதி வந்தது. சிவராத்திரிக்கு மறுநாள், வழக்கமாக வேட்டைக்குப் புறப்படுகிற அதே நாளில், இனி வேட்டையே இல்லையென்று ஊர் சத்தியம் செய்யப் போகிறது, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், காட்டு உயிர்களின் தோழன் என்று ஊருக்குப் பட்டம் கொடுத்து, அதைக் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் வெட்டி, பன்றியின் வலப்பக்கத்துக் காலியிடத்தில் நடப் போகிறார்கள். அந்த இடம்தான் படத்துக்கு எடுப்பாக இருக்கிறதாம்.

கல் வந்து இறங்கிய மத்தியானம், இருளாயியின் தம்பி வெள்ளைக்கண்ணு அவள் வீட்டுக்கு வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பஸ் நிறுத்தத்திலிருந்து பன்றி பார்க்க வருகிற சனத்தை ஏற்றி இறக்கி அந்த வருஷம் நன்றாகத்தான் இருந்தான். கல்லையும் அவன் வண்டியில்தான் கொண்டுவந்திருந்தான். வெட்டிப் போட்ட தென்னைமரத்தின் மேல் உட்கார்ந்து, அவள் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். வேட்டை முடிந்த அன்று அவன்தான் வந்து அவளிடம் சொன்னவன். மச்சான் கடைசியா உம் பேரச் சொல்லிட்டுத்தான்க்கா கண்ண மூடுனாரு என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த வருஷத்தைத் தள்ளியிருந்தாள்.

"அக்கா, மச்சான் உம் பேரச் சொல்லல," என்றான்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது என்னத்தான் பாத்து வந்துச்சு. நான் பாறையில ஏறப் போயி வழுக்கிட்டேன். மச்சான் குறுக்க வந்து குத்துனாரு. ஈட்டி கழுத்துல ஏறி மரக்காம்பு முறிஞ்சு போச்சு. அது அவரு தொடையில ஒரு தடவதான் தலைய ஆட்டுச்சு. அப்பறம் இரும்போட மலையேறிப் போயிருச்சு."

மோரில் ஈ விழுந்தது. அவன் பார்க்கவில்லை.

"கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தோம். நல்லாப் பேசிக்கிட்டுத்தான் வந்தாரு. புளியமரத்து முக்குல எறக்கி வச்சோம். ஆசுபத்திரிக்குப் போனா என்ன காயம்னு கேப்பாய்ங்கல்ல. மாடு குத்துச்சுன்னு சொல்லலாம்னா, எந்த மாடு, கொண்டான்னு கேப்பான்னு ஒருத்தன். வேலிக்கம்பின்னா இம்புட்டு ஆழம் எறங்காதுன்னு ஒருத்தன். பேசிப் பேசிக் கடைசில, தென்னமரத்துல இருந்து கையில வச்சிருந்த அருவா மேலயே விழுந்துட்டாருன்னு முடிவாச்சு. எல்லாரும் ஒன்னு போலச் சொல்லணும்ல. மச்சானையும் சொல்லிப் பழகச் சொன்னோம். அவரு சிரிச்சாருக்கா. எனக்கு மரமே ஏறத் தெரியாதேடான்னாரு. அப்பறம் சொன்னாரு. தென்னமரம், தென்னமரம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாங்க கட்டிலத் தூக்குறப்ப சத்தம் நின்னு போச்சு."

"காயத்தக் கட்டுனீங்களாடா?"

"துண்டு வச்சிருந்தோம்."

இருளாயி அழவில்லை. எழுந்து வந்து அவன் கையிலிருந்த தம்ளரை வாங்கி, ஈயை எடுத்துப் போட்டுவிட்டு, மோரை வெட்டிப்போட்ட மரத்தின் அடியில் ஊற்றினாள். அன்று சாயங்காலம் பன்றியின் எதிரே உட்கார்ந்தபோது, அது உள்ளே இழுத்து வெளியே விடுகிற மூச்சில், இதுவரை வெறும் மூச்சாகக் கேட்டதில், ஒரு வார்த்தை பழகிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி. காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது.

சத்தியம் செய்கிற நாளில் ஊரைப் பார்க்கக் கண் போதவில்லை. கல்வரிசைக்குச் சுண்ணாம்பு அடித்து, வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, பன்றிக்குப் பட்டுத்துணி சார்த்தி, சந்தனத்தை அன்றைக்கு இரட்டையாக அப்பியிருந்தார்கள். கறுப்புக் கல் குழியில் சாய்த்து நிறுத்தப்பட்டு, மண் தள்ளக் காத்திருந்தது. அதிகாரிகள் பேசினார்கள். மனிதனும் மிருகமும் என்று ஆரம்பித்து மனிதனும் மிருகமும் என்றே முடித்தார்கள். தவசி முள் எடுத்த கதையைச் சொன்னார். அவர் மகள் பிள்ளையோடும் மாமனார் மாமியாரோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது இருளாயி எழுந்து பன்றியிடம் போனாள். மாலை போடப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் முந்தானையால் அதன் கழுத்தைத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் கட்டிகட்டியாக உதிர, பல் விழுந்த இரும்பு வெயிலில் தெரிந்தது.

"முதல் குத்து யாருது?" என்று கேட்டாள்.

நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பன்றி அசையவில்லை.

"முதல் குத்து யாருது?"

இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. பன்றி அப்போதும் அசையவில்லை. அசையாது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அவள் தவசியைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீங்க கேக்க வேண்டியது, சின்னையா."

அவர் ஒலிபெருக்கி முன்னால் நின்றிருந்தார். மகளைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பு அடித்த மூன்றாவது கல்லைப் பார்த்தார். அவர் பாட்டன் அங்கே ஆடி மாதத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். தவசி கேட்க மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் எத்தனையோ மாசிகளில் பங்குப் பாறையில் நின்று கேட்ட வாய் அது. அது தானாகத் திறந்தது. பங்குப் பாறையில் கேட்கிற அதே இழுவையில், ஒலிபெருக்கியில் கரடுவரை போய்த் திரும்புகிற மாதிரி, முதல் குத்து யாருது என்று கேட்டார்.

கூட்டத்தின் கடைசியில், லோடு ஆட்டோவின் மேல் நின்றுகொண்டிருந்த வெள்ளைக்கண்ணு கீழே இறங்கினான்.

"எங்க மச்சான் சிறைமீட்டானுது," என்றான். "நான் பாத்தேன்."

பன்றி ஒரு நீண்ட மூச்சு விட்டது. முன்னங்கால் மடிந்தது, பிறகு பின்னங்கால். பட்டுத்துணியோடு வலப்பக்கமாக, அது இடம் விட்டு வைத்திருந்த பக்கமாகச் சாய்ந்தது. கழுத்திலிருந்து இரும்பு வழுக்கி வெளியே வந்து விழ, அதன் பின்னாலேயே ஒரு வருஷம் அடங்கியிருந்த ரத்தம் இறங்கி, கல்வரிசையின் காலடியில், ஒவ்வொரு கல்லாக நனைத்துக்கொண்டு, சுண்ணாம்பைச் சிவப்பாக்கிக்கொண்டு கிழக்கே ஓடியது. படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்தபடியே இருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதான். அன்பான ஊர் என்று காட்டிய அதே செல்களில் அன்று பொழுது சாய்வதற்குள் ரத்தக்காட்டேரி ஊர் என்று காட்டினார்கள். ஒரே மாதிரிச் சட்டைக்காரர்கள் டவுனில் கொடி பிடித்தார்கள். வனத்துறை லாரி வந்து பன்றியை ஏற்றியது. தலையை மட்டும் கொடுங்கள், புதைக்க வேண்டும் என்று இருளாயி கேட்டாள். ரேஞ்சர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு, அதற்கு வழியில்லையம்மா என்றார். கரட்டு அடிவாரத்தில் டீசல் ஊற்றித் தலையோடு எரித்தார்கள். மறுநாள் கட்டில் தூக்கியவர்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். வெள்ளைக்கண்ணு வண்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். தவசியின் மகளை அவள் மாமனார் வீட்டுக் கார் கொண்டுவந்து ஊர் எல்லையில் இறக்கிவிட்டுத் திரும்பியது. கல்வரிசையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இருளாயி வீட்டுக்குப் பால் ஊற்றுவது நின்றது. கிணற்றடிக்கு அவள் போனால் பேச்சு நின்றது. புருஷன்களை ஜெயிலுக்குப் பறிகொடுத்த பெண்கள் அவளைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்கள். ஒருத்தனச் செத்தவனாக்க ஊர்ல பாதிப் பேர உயிரோட பொதைச்சுப்புட்டா என்று தவசியின் மனைவி காதுபடச் சொன்னாள். இருளாயிக்கும் அது அப்படித்தான் பட்டது. தம்பி இல்லாத லோடு ஆட்டோ வாசலில் நின்றது; கோழிகள் அதற்கு அடியில் முட்டையிட்டன.

சித்திரையில் ஒருநாள் உச்சிவெயிலில், அந்தப் பெண்கள் கடப்பாரையோடு மேற்கே போவதைப் பார்த்து அவளும் போனாள். பொன்னெழுத்துக் கல் இன்னும் குழியில் பாதி சாய்ந்தபடி கிடந்தது. எடுத்துப் போக யாரும் வரவில்லை. பெண்கள் அதை நெம்பிக்கொண்டிருந்தார்கள். எடுத்து எறியப் போகிறார்கள் என்றுதான் இருளாயி நினைத்தாள். எறியவில்லை. மூச்சுப் பிடித்து, ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டு, கல்லைத் தூக்கித் திருப்பி, பொன்னெழுத்து கருவேலம்புதரைப் பார்க்க, வெட்டாத சொரசொரத்த முதுகு ஊரைப் பார்க்க நிறுத்தினார்கள்.

"என்னத்தப் பாக்குற, வந்து பிடி," என்றாள் தவசியின் மனைவி. "கல்லு இல்லாம விட்டா நாளைக்கு இன்னொன்னு வந்து நிக்கும். யாருக்கு முடியும் அதுக்குச் சந்தனம் அப்பிக்கிட்டு."

இருளாயி, அன்று ரத்தத்திலிருந்து பொறுக்கி வைத்திருந்த இரும்பை மடியிலிருந்து எடுத்துக் குழியில் வைத்தாள். யாரும் அது என்னவென்று கேட்கவில்லை. மண்ணைத் தள்ளினார்கள், மிதித்தார்கள், கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். மறுநாளும் பால் வரவில்லை.

கல்லில் ஆளும் இல்லை, பன்றியும் இல்லை. செதுக்குகிறவன் யாரும் இனி அந்தப் பக்கம் வரப்போவதும் இல்லை. அவள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை இறக்கி வைத்து, உள்ளங்கையில் ஊற்றி, மேலிருந்து கீழாகத் தடவினாள். சொரசொரத்த கல் குடித்துக்கொண்டே இருந்தது. கிண்ணம் காலியானதும் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, வீட்டில் சொல்கிற குரலில் சொன்னாள்.

"இந்தாங்க. இனிமே அதச் சொல்ல வேணாம்."

பிறகு கல்லின் மேல் காதை வைத்துக் கேட்டாள். வெயில் ஏறிய கல்லின் சூடு கன்னத்தில் ஒட்டியது. உள்ளே யாரும் எதையும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கவில்லை.